எஃப் மட்டும் ஏன் கசக்கிறது? பெரியவர்களான பிறகு யுகுலேலே தொடங்கியவர்களுக்கு, கோளாறு வாரியாக

கோயமுத்தூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழெட்டுப் பேர் யுகுலேலேயோடு, அதாவது நான்கு தந்தியுள்ள சின்னக் கிட்டார் மாதிரியான வாத்தியத்தோடு, கூடுகிறோம், ஐந்து வருடமாக. பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள், சின்ன வயதில் எந்த வாத்தியத்தையும் தொட்டிராதவர்கள். புதிதாக வருகிறவர் முதல் மாதத்திலேயே "வயசாயிடுச்சுங்க, விரல் வளைய மாட்டேங்குது" என்பார். வாத்தியத்தை வாங்கிப் பார்த்தால் பாதி நேரம் விரலில் ஒன்றும் இருக்காது. சுருதி காட்டும் டியூனரில் ஏதோ பட்டன் தெரியாமல் அழுந்தியிருக்கும், இல்லை தந்தி நாள்பட்டுப் போயிருக்கும், இல்லை தலைப்பக்கம் தந்தி படிகிற நட் உயரமாக இருக்கும். வாத்தியத்தின் கோளாறைத் தன் கோளாறாக நினைத்துக்கொண்டு விட்டுவிட்டுப் போனவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு கேட்பதில்லை, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் தொல்லை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாத வேலை முதலில் வரும், செலவு வைப்பது கடைசியில் வரும். அந்த வரிசையிலேயே பாருங்கள்.

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. யுகுலேலேயைப் பிடித்தபடி குனிந்து பார்த்தால் முகத்துக்குப் பக்கத்தில் இருப்பது ஜி தந்தி, அப்புறம் சி, இ, கடைசியில் தரைப்பக்கமாக ஏ. கார்டை, அதாவது பல ஸ்வரம் சேர்ந்து ஒலிக்க விரல் வைக்கும் பிடியை, நான்கு எண்ணாக எழுதும்போதும் இதே வரிசைதான். கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிதான் ஃப்ரெட், தலைப்பக்கமிருந்து எண்ண வேண்டும். 2010 என்றால் ஜி தந்தியில் இரண்டாம் ஃப்ரெட், இ தந்தியில் முதல் ஃப்ரெட், மற்ற இரண்டும் சும்மா. அதுதான் எஃப்.

## 1. சுருதி நிற்கவே மாட்டேன் என்கிறது

### புதிதாக வாங்கியது, அல்லது தந்தி மாற்றி இரண்டு வாரம் ஆகவில்லை

இது கோளாறே இல்லை. புதுக் கயிற்றுக் கட்டில் தொய்கிற மாதிரி நைலான் வகைத் தந்தியும் கொஞ்ச நாள் இழுபடும். ஒரு வாரம், பத்து நாள் வரைக்கும் எடுக்கும்போதெல்லாம் முறுக்கத்தான் வேண்டும். அவசரமென்றால் ஒவ்வொரு தந்தியையும் பன்னிரண்டாம் ஃப்ரெட் பக்கம் விரலால் மெதுவாக மேலே இழுத்துவிட்டு மறுபடி சுருதி கூட்டுங்கள், நாலைந்து தடவை. சுருதியைக் கீழிருந்து ஏற்றிக்கொண்டு வந்துதான் நிறுத்த வேண்டும். தாண்டிப் போய்விட்டால் நன்றாக இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் முறுக்காணியின் பல்சக்கரத்தில் இருக்கும் ஆட்டம் கொஞ்ச நேரத்தில் தந்தியைத் தளர்த்திவிடும்.

### ஒரே ஒரு தந்தி மட்டும் இறங்குகிறது

அந்தத் தந்தியின் முறுக்காணியில் எத்தனை சுற்று இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று சுற்று, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் வரிசையாக இருக்க வேண்டும். அடுத்ததாக, முறுக்குகிற குமிழின் முனையில் சின்னத் திருகு இருந்தால் ஸ்க்ரூடிரைவரால் கால் சுற்று இறுக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். தலைக்குப் பின்பக்கமாக நீட்டிக்கொண்டு இருக்கும் பழைய பாணி முளைகளில் பிடிமானமே அந்தத் திருகில்தான் இருக்கிறது, அது தளர்ந்தால் முளை தானாகச் சுழன்றுவிடும்.

இரண்டும் சரியென்றால் பிரிட்ஜில், அதாவது மேல் பலகையில் தந்தியைக் கட்டியிருக்கும் துண்டில், போட்ட முடிச்சு நழுவுகிறதா என்று பாருங்கள். தந்தி பிரிட்ஜை விட்டு வெளியே வருகிற இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிட்டு மறுநாள் காலையில் பாருங்கள். புள்ளி முன்னால் நகர்ந்திருந்தால் முடிச்சுதான் காரணம். தந்தியைத் தளர்த்தி, தனக்கடியிலேயே ஒரு சுற்று கூடுதலாக விட்டு மறுபடி கட்டினால் போதும்.

### நான்கும் சேர்ந்து காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று

ஏசி அறையிலிருந்து மாடிக்குக் கொண்டுபோனால் இப்படித்தான் ஆகும். பத்து நிமிடம் அந்தக் காற்றில் வைத்துவிட்டுச் சுருதி கூட்டுங்கள். முழுக்க மரத்தால் ஆன வாத்தியமாக இருந்தால் ஏசிக்கு நேர் எதிரே மாட்டி வைக்காதீர்கள். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருந்தால் அதற்கு நல்லது, ரொம்பக் காய்ந்தால் மரம் சுருங்கி விரிசல் விடும். வெயிலில் நிறுத்திய காரில் மட்டும் வைத்துவிட்டுப் போகவே போகாதீர்கள், பசை இளகிவிடும்.

### ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்

பிரிட்ஜின் பின்விளிம்பில், அதாவது வாத்தியத்தின் அடிப்பக்கம் பார்த்த விளிம்பில், ஒரு தாளின் ஓரத்தை நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் பிரிட்ஜ் பெயர ஆரம்பித்துவிட்டது. உடனே நான்கு தந்தியையும் தளர்த்திவிட்டுக் கிட்டார் ரிப்பேர் செய்பவரிடம் கொண்டுபோங்கள். ஃபெவிக்விக் ஊற்றாதீர்கள். அது காய்ந்து கண்ணாடி மாதிரி ஆகிவிடும், ஒரு மாதத்தில் மறுபடி விடும், பிறகு ஒட்ட வருகிறவர் அதைச் சுரண்டி எடுப்பதற்குள் கீழே இருக்கும் மரமும் பெயர்ந்து வரும்.

## 2. தந்தி தனித்தனியாகச் சரி, கார்டு பிடித்தால் கசக்கிறது

ஆளை அதிகம் சோர்ந்துபோக வைப்பது இதுதான். டியூனர் பச்சை காட்டுகிறது, புத்தகத்தில் போட்ட இடத்தில்தான் விரல் இருக்கிறது, சத்தம் மட்டும் நன்றாக இல்லை.

### எல்லாக் கார்டும் கசக்கிறது

முதலில் டியூனர். தலையில் கிளிப் மாதிரி மாட்டுகிற டியூனரில் மூலையில் 440 என்று தெரிய வேண்டும். பைக்குள் பட்டன் அழுந்தி 436, 444 என்று மாறியிருப்பதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். தனியாக வாசித்தால் ஒன்றும் தெரியாது, பாட்டோடோ இன்னொருவரோடோ வாசித்தால் உடனே தெரியும். சிலவற்றில் சுருதியை அரை ஸ்வரம் இறக்கிக் காட்டும் ஒரு குறியும் உண்டு, சின்ன பி எழுத்து மாதிரி இருக்கும், அது வந்திருந்தால் எடுத்துவிடுங்கள். கிட்டார் என்ற நிலையில் இருந்தால் யுகுலேலேக்கு மாற்றுங்கள். போன் செயலி என்றால் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

அடுத்தது ஜி தந்தி. சாதாரண யுகுலேலேயில் ஜி, சியையும் இயையும் விட உயரமானது, ஏக்கு ஒரு படி கீழே. டியூனர் ஜி என்று மட்டும்தான் சொல்லும், எந்த ஸ்தாயி என்று பலவற்றில் காட்டாது. ஒரு ஸ்தாயி கீழே கூட்டியிருந்தால் தந்தி தொளதொளவென்று ஆடும். சரிபார்க்க, இ தந்தியில் மூன்றாம் ஃப்ரெட்டை அழுத்தி மீட்டுங்கள், சும்மா விட்ட ஜியும் அதுவும் ஒரே சத்தமாக இருக்க வேண்டும். அதே மாதிரி சியின் நாலாம் ஃப்ரெட் இ, இயின் ஐந்தாம் ஃப்ரெட் ஏ. கீழ் ஜி என்றே தடித்த தந்தி ஒன்று விற்கிறார்கள், அதைப் போட்டிருப்பவர்களுக்கு மட்டும் இந்தச் சோதனையில் ஜி ஒரு ஸ்தாயி கீழே கேட்கும், அது சரிதான்.

வீட்டில் சுருதிப் பெட்டி இருக்கிறதா? ஒரு கட்டையில் வைத்தால் ஸ உங்கள் சி தந்தி, ப உங்கள் ஜி தந்தி. ஸ்தாயி மாறியிருந்தாலும் சேரும்போது இரண்டும் ஒன்றாகக் கரைவது காதுக்குத் தெரிந்துவிடும். பாட்டுக் கற்றவர்களுக்கு எந்த டியூனரையும் விட இந்தச் சோதனைதான் நம்பிக்கையாக இருக்கிறது.

### அழுத்தினால் மட்டும் கசக்கிறது, சும்மா விட்டால் இனிமை

அழுத்தம் அதிகமா என்று பாருங்கள். கார்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விரலைத் தளர்த்திக்கொண்டே மீட்டுங்கள், சத்தம் மங்க ஆரம்பிக்கிற இடத்துக்கு ஒரு நூல் மேலே போதும். நைலான் தந்தியை வேண்டிய அளவை விட அழுத்தினால் சுருதி ஏறும். பக்கவாட்டில் இழுத்தாலும் ஏறும், முக்கியமாக 0232 என்ற ஜி கார்டில் மோதிர விரல் இ தந்தியைத் தன் பக்கம் இழுத்துவிடும்.

அடுத்தது தந்தியின் வயசு. தந்திக்கு அடியில் நகத்தை வைத்து நீளவாக்கில் ஓட்டுங்கள். ஃப்ரெட் படுகிற இடங்களில் பள்ளம் பள்ளமாகத் தட்டுப்பட்டால் மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. தினமும் வாசிப்பவருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம். ஒரு செட் சில நூறு ரூபாய்தான், மாற்றியதும் வேறு வாத்தியம் மாதிரி இருக்கும்.

### சி நன்றாக இருக்கிறது, எஃப் மட்டும் கசக்கிறது

இப்படி யாராவது சொன்னாலே நான் நட்டைத்தான் பார்ப்பேன். நட் என்பது தலைக்கும் கழுத்துக்கும் நடுவில் தந்திகள் படிந்து போகும் அந்த வெள்ளைத் துண்டு, பிளாஸ்டிக்கிலோ எலும்பிலோ இருக்கும். விலை குறைந்த வாத்தியங்களில் அதன் பள்ளங்களைப் போதுமான ஆழத்துக்கு அராவாமலே அனுப்பிவிடுகிறார்கள். தந்தி உயரமாக நிற்பதால் முதல் ஃப்ரெட்டை அழுத்தும்போது ரொம்ப தூரம் வளைந்து, இழுபட்டு, சுருதி ஏறிவிடுகிறது. சி கார்டு மூன்றாம் ஃப்ரெட்டில் இருப்பதால் தப்பித்துவிடும். எஃப் முதல் ஃப்ரெட்டில் இருப்பதால் மாட்டிக்கொள்ளும்.

போன ஆடியில் ஓர் அம்மா வந்தார்கள், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "எஃப் மட்டும் எனக்கு வரவே மாட்டேங்குதுங்க தம்பி, ரெண்டு மாசமா பார்க்கறேன், சி வந்துருது." ஆள்காட்டி விரல் நுனியில் தந்தி பதிந்த கோடு சிவப்பாக ஆழமாக இருந்தது. விரல் இருந்த இடம் கச்சிதம். நான் டியூனரைத் தலையில் மாட்டி இ தந்தியைச் சும்மா மீட்டச் சொன்னேன், பச்சை. முதல் ஃப்ரெட்டை மெதுவாக அழுத்தி மீட்டச் சொன்னேன், முள் எஃப்பைத் தாண்டி வலது பக்கம் ஓடியது, அடுத்த ஸ்வரத்துக்குப் போகிற வழியில் மூன்றில் ஒரு பங்கு. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்தினால் கிட்டத்தட்டச் சரியாகவே காட்டியது. அப்புறம் தாள் சோதனை. இதை நீங்களும் செய்யலாம்:

தந்தியை மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது முதல் ஃப்ரெட் கம்பிக்கும் தந்திக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். சாதாரண ஏ4 தாள் ஒன்று நுழைகிற அளவு இருந்தால் நட் சரி. தாளை நான்காக மடித்தும் தாராளமாக நுழைந்தால் நட் உயரம். தந்தி கம்பியைத் தொட்டுக்கொண்டே இருந்தால் பள்ளம் ஆழமாகிவிட்டது, அதற்கு நாலாவது தலைப்பைப் பாருங்கள்.

அந்த அம்மாவின் யுகுலேலேயில் நான்காக மடித்த தாள் உள்ளே போய் ஆடியது. மறுநாள் அவர்களையும் கூட்டிக்கொண்டு ரிப்பேர் செய்பவரிடம் போனேன். அவர் மேசையில் செய்தித்தாளை விரித்து, தந்தியைத் தளர்த்திப் பள்ளத்திலிருந்து ஒதுக்கி, ஊசி மாதிரி மெல்லிய அரத்தால் நாலைந்து இழு இழுத்தார். வெள்ளைப் பொடி கொஞ்சம் செய்தித்தாளில் விழுந்தது, வாயால் ஊதினார், தந்தியை உட்கார வைத்துச் சுருதி கூட்டி முதல் ஃப்ரெட்டை அழுத்திப் பார்த்தார், மறுபடி தளர்த்தினார். இப்படி மூன்று தடவை. அந்த அம்மா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றுகொண்டே பார்த்தார்கள். வாத்தியம் கைக்கு வந்ததும் எஃப் பிடித்து ஒரு தடவை மெதுவாக மீட்டினார்கள், கை அப்படியே நின்றுவிட்டது. "இதுங்களா எஃப்?"

இரண்டு மாதம் அந்த அம்மா தன் விரலைத் திட்டிக்கொண்டு இருந்தார்கள்.

### ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்

நட் அராவுவதை முதல் தடவை ரிப்பேர் செய்பவரிடமே கொடுங்கள். உப்புத்தாளிலும் ஹாக்ஸா பிளேடிலும் முயன்று கெடுத்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு. பள்ளம் ஒரு இழு அதிகமானாலும் சும்மா விட்ட தந்தி கர்ர் என்று அடிக்கும், பிறகு நட்டையே மாற்ற வேண்டும். முதல் ஃப்ரெட் சரியாக இருந்து, புதுத் தந்தி போட்ட பிறகும் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் சுருதி ரொம்ப ஏறினால் பிரிட்ஜ் பக்க உயரத்தைப் பார்க்க வேண்டும். பன்னிரண்டாம் ஃப்ரெட் கம்பியிலிருந்து தந்தி இரண்டரை, மூன்று மில்லிமீட்டர் இருந்தால் சரி. நாலுக்கு மேல் போனால் சேடிலை, அதாவது பிரிட்ஜின் மேல் தந்தி படிகிற பட்டையை, தேய்த்து இறக்கச் சொல்லுங்கள். உயரமும் சரி, தந்தியும் புதுசு, அப்படியும் ஏறுகிறதென்றால் பிரிட்ஜ் ஒட்டிய இடமே தப்பாக இருக்கலாம். விலை குறைந்த வாத்தியத்தில் அதைச் சரிசெய்யும் கூலிக்குப் புதிதே வாங்கலாம்.

## 3. ஒரு தந்தி மட்டும் டப் டப் என்று ஊமையாக இருக்கிறது

கார்டைப் பிடித்தபடி நான்கு தந்தியையும் ஒவ்வொன்றாக மீட்டி, ஊமை எது என்று முதலில் கண்டுபிடியுங்கள்.

### விரல் வைத்த தந்தியே ஊமை

இடது கை நகத்தைப் பாருங்கள். நகம் விரல் சதையைத் தாண்டி ஒரு நூல் நீண்டிருந்தாலும் நுனி நேராக அழுந்தாது. வெட்டிவிட்டு வந்து வாசியுங்கள், மற்றதை எல்லாம் அப்புறம் பார்க்கலாம். நகம் சரியென்றால் விரலை ஃப்ரெட் கம்பிக்குக் கொஞ்சம் பின்னால், அதை ஒட்டினாற்போல நகர்த்துங்கள். இரண்டு கம்பிக்கு நட்டநடுவில் அழுத்தினால் இன்னும் அதிகப் பலம் வேண்டியிருக்கும்.

### பக்கத்துத் தந்தி ஊமை

விரல் படுத்துக்கிடக்கிறது. கட்டை விரலைக் கழுத்தின் பின்பக்கம் நடுவுக்குக் கொண்டுபோனால் மற்ற விரல்கள் தானாக நிமிரும். சிலருக்கு விரல் எப்படியும் தடிமன்தான், 2220 என்ற டி கார்டில் மூன்று விரலை ஒரே கட்டத்தில் நெருக்க முடியாது. அவர்கள் நடு விரல் ஒன்றாலேயே ஜி, சி இரண்டையும் சேர்த்து அழுத்தி, மோதிர விரலை இயில் வைக்கலாம். அப்படியும் முடியாதவர்கள் அளவை மாற்றிப் பார்க்கலாம். சோப்ரானோவின் தந்தி நீளம் ஏறக்குறைய 33 முதல் 35 சென்டிமீட்டர், கான்சர்ட் 38, டெனர் 43. கட்டம் கட்டமாக இடைவெளி கூடுகிறது. வாங்கும் முன் கடையில் மூன்றிலும் டி பிடித்துப் பாருங்கள்.

### இ கார்டு விழவே மாட்டேன் என்கிறது

4442 எல்லோருக்கும் கஷ்டம், ஒரு வருடம் ஆனவர்களுக்கும் கஷ்டம். அதைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம். 1402 கூட இ கார்டுதான், சிலருக்கு அது எளிது. பல பாட்டில் 1202 என்ற இ7 போட்டாலே பொருந்திவிடும். பி ஃப்ளாட் 3211 வராதவர்கள் இப்போதைக்கு 3210 வைத்துக்கொள்ளுங்கள், மென்மையாகக் கேட்கும், ஆள்காட்டி விரல் பழகியதும் ஏ தந்தியையும் சேர்த்து அழுத்தலாம்.

## 4. கர்ர் என்று ஒரு சத்தம்

ரிப்பேருக்கு ஓடும் முன் உங்களைப் பாருங்கள். கழுத்துச் சங்கிலி, தாலிக்கொடி, சட்டைப் பட்டன் வாத்தியத்தின் முதுகில் உரசும். வளையலும் வாட்ச் பட்டையும் மேல் பலகையில் அதிரும். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரு தடவை மீட்டுங்கள். இன்னொருவரைத் தலைப்பக்கம் விரலால் தொட்டுப் பிடிக்கச் சொல்லி மீட்டுங்கள். சத்தம் நின்றால் முறுக்காணியின் கீழே இருக்கும் வளையமோ அதை இறுக்கும் திருகு நட்டோ தளர்ந்திருக்கிறது, சின்ன ஸ்பேனரில் முடிந்துவிடும். பிரிட்ஜுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தந்தி வால் பலகையைத் தொட்டாலும் அதே கர்ர்தான், நறுக்கிவிடுங்கள். உள்ளே ஒட்டிய லேபிளின் ஓரம் பெயர்ந்திருக்கலாம், மைக் வைத்த வாத்தியம் என்றால் உள்ளே ஒயர் தொங்கலாம். துளை வழியே போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள்.

### சும்மா விட்டால் கர்ர், எங்கு அழுத்தினாலும் இல்லை

நட் பள்ளம் ஆழமாகிவிட்டது. தந்தியை ஒதுக்கி, பள்ளத்தில் சின்னத் தாள் துண்டு வைத்துத் தந்தியை மேலே உட்கார வையுங்கள். சத்தம் நின்றால் நோய் அதுதான். தாள் கொஞ்ச நாள் தாங்கும், நிரந்தரத்துக்கு நட் மாற்ற வேண்டும்.

### ஒரே ஓர் இடத்தில் அழுத்தினால் மட்டும்

அடுத்த ஃப்ரெட் கம்பி எழும்பியிருக்கும். ஏடிஎம் கார்டின் ஓரத்தை அடுத்தடுத்த மூன்று ஃப்ரெட்டின் மேல் மட்டும் படும்படி நிறுத்தி ஆட்டுங்கள். நாற்காலிக்கால் ஆடுகிற மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடினால் நடுக்கம்பி உயரம். இது ரிப்பேர் செய்பவர் வேலை, சுத்தியல் எடுக்காதீர்கள்.

### எங்கு அழுத்தினாலும்

முதலில் சுருதி கீழே இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள், தளர்ந்த தந்தி எல்லாக் கம்பியிலும் அடிக்கும். சுருதி சரியென்றால் ரொம்ப ஓங்கி மீட்டுகிறீர்களா என்று பாருங்கள். கழுத்தும் உடலும் சேருகிற இடத்துக்கு மேலே, ஆள்காட்டி விரல் நகத்தால் கீழே இறக்கி, சதையால் மேலே வந்தால் போதும், மணிக்கட்டுதான் ஆட வேண்டும். அப்படியும் நிற்கவில்லை என்றால், பலகையை விரல் முட்டியால் மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். ஓர் இடத்தில் மட்டும் சலசலவென்று கேட்டால் உள்ளே தாங்குக்கட்டை விட்டிருக்கிறது. கொண்டுபோய்க் கொடுங்கள்.

## 5. வலி

### விரல் நுனியில்

இரண்டு மூன்று வாரத்தில் தோல் தடித்துவிடும். ஒரு மணி நேரம் ஒரேயடியாக வேண்டாம், காலையில் பத்து நிமிடம், ராத்திரி பத்து நிமிடம். குளித்த கையோடு வாசிக்காதீர்கள், ஊறிய தோலில் தந்தி கோடு போடும். சர்க்கரை இருப்பவர்கள் வாசித்து முடித்ததும் விரல் நுனியைக் கண்ணால் பாருங்கள், உணர்ச்சி மங்கியிருந்தால் வெட்டுப் பட்டது தெரியாது. ஒரு மாதம் ஆகியும் நுனி எரிகிறது என்றால் இரண்டாவது தலைப்பில் சொன்ன தாள் சோதனைக்குத் திரும்பப் போங்கள்.

### மணிக்கட்டு, தோள், கட்டை விரல் அடி

பெரும்பாலும் வாத்தியம் நழுவுவதைத் தடுக்க இடது கை அதைத் தாங்கிக்கொண்டு இருப்பதால் வருகிறது. சோதனை எளிது. வாசிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு இடது கையை எடுத்துவிடுங்கள். தலைப்பக்கம் கீழே சாய்ந்தால் கை வேலைக்காரனாகிவிட்டது என்று பொருள். ஒரு ஸ்ட்ராப் மாட்டுங்கள். ஸ்ட்ராப்புக்கான பட்டனை வாத்தியத்தில் அடிக்க மனமில்லை என்றால் துளையில் கொக்கி மாட்டுகிற வகை இருக்கிறது, ஆனால் அதில் இரண்டு கையையும் விடக் கூடாது.

### மருத்துவரைப் பார்க்க வேண்டிய கட்டம்

விரல் மரத்துப்போவது, ஊசி குத்துகிற மாதிரி இருப்பது, காலையில் விரல் மடங்கி நின்று டக்கென்று விடுபடுவது, ஒரு வாரம் வாத்தியத்தைத் தொடாமல் இருந்தும் குறையாத மூட்டு வலி. இதில் ஒன்று இருந்தாலும் வாசிப்பதை நிறுத்திவிட்டு எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள். விரல் மடங்கி நிற்பது சர்க்கரை இருப்பவர்களுக்கு அதிகம் வரும். பழகப் பழகச் சரியாகும் என்று யாராவது சொன்னால், நானே சொன்னாலும், கேட்காதீர்கள்.

## 6. கார்டு மாற்றும்போது தாளம் நின்றுவிடுகிறது

எல்லா விரலையும் தூக்கிவிட்டு மறுபடி தேடுகிறீர்களா என்று பாருங்கள். நகராமல் நிற்கக்கூடிய விரல் ஒன்று பல மாற்றங்களில் உண்டு. ஏ மைனர் 2000, எஃப் 2010, நடு விரல் அப்படியே இருக்கட்டும், ஆள்காட்டி மட்டும் வந்து சேரட்டும். எஃப்பிலிருந்து 0212 என்ற ஜி7க்குப் போகும்போது ஆள்காட்டி அசைய வேண்டியதில்லை. சியிலிருந்து 0232க்குப் போகும்போது மோதிர விரல் அதே மூன்றாம் ஃப்ரெட்டில் பக்கத்துத் தந்திக்கு மாறினால் போதும், மற்ற இரண்டும் அதைச் சுற்றி உட்காரும்.

இரண்டே கார்டை எடுத்துக்கொண்டு போனில் ஒரு நிமிடம் வைத்து எத்தனை தடவை மாற்ற முடிகிறது என்று எண்ணுங்கள், எண்ணிக்கையைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். எங்கள் மாடியில் பத்தில் தொடங்கியவர்கள் முப்பதைத் தொட்டதும் பாட்டில் தடுமாறுவது தானாகக் குறைந்திருக்கிறது.

இன்னொரு முக்கியமான விஷயம், வலது கையை நிறுத்தாதீர்கள். இடது கை தாமதமானால் அந்த ஒரு தட்டு ஊமையாகப் போகட்டும், வலது கை போய்க்கொண்டே இருக்கட்டும். கேட்பவர் தப்பான கார்டை மன்னித்துவிடுவார், நின்றுபோன தாளம் அவரையும் தடுக்கி விழ வைக்கும்.

## 7. பாட்டோடு ஒட்டவில்லை

### தட்டு பொருந்தவில்லை

பாட்டைப் போட்டுவிட்டு, வாத்தியம் இல்லாமல், தகதிமி தகதிமி என்று சொல்லிப் பாருங்கள். இடறினால் தகிட தகிட என்று சொல்லுங்கள். நம் சினிமாப் பாட்டில் மூன்று மூன்றாக நடப்பவை நிறைய, அவற்றில் நாலுக்கான ஸ்ட்ரம்மிங்கைப் போட்டுவிட்டுத் தனக்குத் தாளமே வரவில்லை என்று நம்புகிறவர்கள் அதிகம். எது ஓடுகிறதோ அதில் "த" வரும் இடத்தில் மட்டும் கீழே ஒரு தட்டு. இரண்டு நாள் அவ்வளவுதான், மற்றதை அப்புறம் சேர்க்கலாம்.

### வாயைத் திறந்தால் கை நிற்கிறது

வார்த்தை வேண்டாம், மெட்டை மட்டும் முனகிக்கொண்டு "த"வில் ஒரு தட்டு. முனகல் ஓடியதும் வார்த்தை. அதற்கு அப்புறம்தான் முழு ஸ்ட்ரம்மிங்.

### கார்டு சரி, குரல் எட்டவில்லை

இணையத்தில் கிடைக்கும் கார்டுகள் பெரும்பாலும் பாடகரின் சுருதிக்கோ, எழுதியவரின் வசதிக்கோ போட்டவை. உங்கள் கட்டை என்ன? ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, இரண்டு கட்டை, பெண்கள் ஐந்து, ஐந்தரை. ஒரு கட்டை என்றால் சி, இரண்டு என்றால் டி, ஐந்து என்றால் ஜி. சி குடும்பத்துக் கார்டில் எழுதிய பாட்டை இரண்டு கட்டையில் பாட வேண்டுமா, இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ, அதாவது எல்லாத் தந்தியையும் சேர்த்து அழுத்தும் கிளிப், மாட்டி அதே விரல்களையே பிடியுங்கள். ஐந்து கட்டைக்குக் கேப்போவை ஏழாம் ஃப்ரெட்டுக்குக் கொண்டுபோனால் விரல் வைக்க இடம் இருக்காது, அதற்குப் பதில் ஜி, சி, டி, இ மைனர் என்று குடும்பத்தையே மாற்றிக்கொள்ளுங்கள்.

### பதிவோடு வாசித்தால் ஒரு நூல் தள்ளியே நிற்கிறது

அரை ஸ்வரம்கூட இல்லை, அதற்கும் குறைவாகத் தள்ளி நிற்கிறது என்றால் முதலில் டியூனரில் 440ஐப் பாருங்கள். அது சரியென்றால் பதிவே அப்படி இருக்கலாம், பழைய டேப்பிலிருந்தும் இசைத்தட்டிலிருந்தும் மாற்றியவற்றில் வேகம் கொஞ்சம் மாறியிருக்கும். அந்த ஒரு பாட்டுக்காக நான்கு தந்தியையும் காதால் பதிவுக்குச் சேருங்கள், முடிந்ததும் மறுபடி 440க்கு வந்துவிடுங்கள்.

## ரிப்பேர் செய்பவரிடம் கொடுக்கும்போது

"சத்தம் சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். எந்தத் தந்தி, எந்த ஃப்ரெட், சும்மா விட்டாலா அழுத்தினாலா, தாள் சோதனையில் என்ன தெரிந்தது, எல்லாவற்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். ஸ்டீல் தந்திக் கிட்டார் மட்டும் பார்க்கிறவரா, யுகுலேலே நட் அராவிய பழக்கம் உண்டா என்று கேளுங்கள். ஸ்டீல் தந்தியை மாட்டிக் கொடுக்கிறேன் என்றால் வாத்தியத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள், அந்த இழுவையை இந்த மெல்லிய பலகை தாங்காது. வேலை முடிந்ததும் அங்கேயே, அவர் முன்னாலேயே, டியூனரை மாட்டி இ தந்தியின் முதல் ஃப்ரெட்டை அழுத்திப் பாருங்கள். அப்புறம் 2010 பிடித்து ஒரு தடவை மெதுவாக மீட்டிக் கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.